சுதிச்சாவியும் கம்பளிச் செருப்பும்

முதல் கடி ரொட்டியை மென்றபடியே நெல்லகே ஹீட்டரை நிறுத்தினார். இரண்டாவது கடிக்குள் தேவாலயத்தின் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய்த் தன் காரின் பின் சீட்டில் படுக்க வைத்து, கம்பளி ஒன்றையும் போர்த்திவிட்டார். மூன்றாவது கடிக்குப் பாதிரியார் அறையிலிருந்த குட்டி ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, கார் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்து மூடினார். ரொட்டி தீர்ந்தது. தேவாலயம் வாயை மூடிக்கொண்டது.

சாவியை அங்கே வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை பிளக்கைத் திரும்பச் செருக மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். கோயில்காப்பாளர் ஆரி வைத்திருந்த மீன் நான்கு நாள் கழித்துத் தன்னைத்தானே அறிவித்துக்கொண்டது. அன்றிலிருந்து, கார் வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜைத் திறந்தாக வேண்டும், ஃப்ரிட்ஜைத் திறந்தால் பிளக் ஞாபகம் வந்தாக வேண்டும். ஆரி அதற்குப் பிறகும் சும்மா விடுவதில்லை.

"மீனு இருக்கா செத்துச்சா?"

"செத்த மீனைத்தானே பெரியவரே உள்ள வச்சீங்க? நான் வந்தா கொன்னேன்?"

நெல்லகேக்கு அறுபத்தொரு வயது. ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. ஹார்ப்சிகார்டுக்குச் சுதி சேர்ப்பது தொழில். முந்நூறு வருடத்துக்கு முந்தைய இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசித்து ஒலித்தட்டாகப் போடும் கூட்டம் இந்த நாட்டில் தெருவுக்கு ஒன்று உண்டு. அவர்கள் எந்த ஊர்த் தேவாலயத்தை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தாலும், முதலில் உள்ளே நுழைவதும் கடைசியில் கதவைப் பூட்டுவதும் நெல்லகேதான். உறைமேல் வாசித்தவர்களின் படம் இருக்கும். உள்ளே இருக்கும் புத்தகத்தில் இருபத்து மூன்றாம் பக்கத்தில், படம் எடுத்தவர் பெயருக்கும் தேவாலயத்துக்கு நன்றி சொல்லும் வரிக்கும் நடுவில், எறும்பு அளவு எழுத்தில் நெல்லகேயின் பெயர் இருக்கும். ஒரு தட்டில் அதையும் தப்பாக அச்சடித்துவிட்டார்கள். "கண்ணாடி போட்டாத்தான் தப்பு தெரியும். யாரு போடப்போறாங்க?" என்று விட்டுவிட்டார்.

ஹார்ப்சிகார்ட் பார்ப்பதற்குப் பியானோவின் ஒல்லியான அக்கா போல் இருக்கும். குணம் வேறு. பியானோ தந்தியை அடிக்கும். இது பறவை இறகின் நுனியால் மீட்டும். நான்கு பேர் உள்ளே வந்து மூச்சு விட்டாலே சுதி இறங்கும். மேகம் விலகி ஜன்னலில் வெயில் விழுந்தால் அதற்கும் கோபம். அதனால் அரைமணிக்கு ஒருதரம் நெல்லகே போய் அதைத் தாஜா செய்ய வேண்டும். கையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சாவி, மரக் கைப்பிடி வைத்தது. தந்தி சுற்றியிருக்கும் ஆணியின்மேல் அதை மாட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு திருகுவார். திருகினாரா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவனுக்கே சந்தேகம் வரும்.

பன்னிரண்டு சுரத்தையும் சுத்தமாகச் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. எல்லாவற்றையும் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சும் ஒரு ஜோடி சுரம் ஓநாய் மாதிரி ஊளையிடும். அதற்குப் பெயரே ஓநாய்தான். "ஓநாயைக் கொல்ல முடியாதுப்பா. யாரும் போகாத மூலையில கட்டிப்போடலாம். இன்னைக்கு எந்தப் பாட்டு வாசிக்கிறீங்கன்னு சொல்லுங்க, அங்க வராம பாத்துக்கறேன்."

அவர் சங்கீதப் பள்ளி எதிலும் படிக்கவில்லை. அப்பாவுக்கு ஸ்வோல்லா ஊரில் சைக்கிள் கடை. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, அதன் ஆரக்கம்பிகளை விரலால் மீட்டிப் பார்த்து, தளர்ந்ததைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து முறுக்குவது நெல்லகேயின் வேலை. பஞ்சர் ஒட்ட வந்த ஒரு வாத்தியக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. ஆரம் கொஞ்சம் ஜாஸ்தி. வந்து பாக்கறியா?" என்றார். அங்கே போன நெல்லகே போனவர்தான், கடைக்குத் திரும்பவில்லை. முப்பத்தொரு வருடம் ஆகிறது. இன்றும் யாருடைய சைக்கிளாவது பக்கத்தில் நின்றால் விரல் தானாகப் போய்ச் சக்கரத்தை மீட்டும்.

"அந்தக் காலத்துல எப்படிக் கேட்டுச்சோ அப்படியே கேக்குது!" என்று உருகும் ரசிகர்களை அவருக்குப் பிடிக்காது. ஒரு கச்சேரிக்குப் பிறகு இப்படி உருகிய பல் மருத்துவரிடம், "அப்படியா? பல்லையும் அந்தக் காலத்து மாதிரியே புடுங்குவீங்களா டாக்டர்?" என்று கேட்டார். ஆனால் கடிதம் எழுதி விவரம் கேட்கிறவர்களுக்கு மரியாதை உண்டு. ஒலித்தட்டில் மூன்றாவது நிமிடத்தில் பின்னால் கத்துவது என்ன பறவை என்று கேட்டு ஒரு பெரியவர் எழுதியிருந்தார். கடற்கரையில் சிப்பி தின்னும் பறவை, ஆண், ஜோடி தேடுகிறது என்று நெல்லகே அஞ்சலட்டையில் பதில் போட்டார்.

சுதியைவிட அவர் பாடுபடுவது மௌனத்துக்காக. இந்த வாத்தியங்களின் குரல் சின்னது. அதனால் ஒலிவாங்கியின் காதைப் பெரிதாகத் திறந்து வைக்க வேண்டும். பெரிதாகத் திறந்த காதில் எல்லாம் விழும். பதிவு நாட்களில் நெல்லகே ஜிப் வைத்த உடை போடமாட்டார். கோட்டுப் பொத்தான்களுக்குத் துணி உறை தைத்திருக்கிறார். காலில் கம்பளிச் செருப்பு. கைக்கடிகாரம் காரில், சுவர்க் கடிகாரத்துக்குத் துணையாகக் கிடக்கும். உப்பு மிட்டாயை வீட்டிலேயே காகிதம் பிரித்துத் துணிப்பையில் போட்டு எடுத்து வருவார். வாசிப்பவர்களின் வயிறும் அவர் பொறுப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் கால்மணி முன்னால் ஆளுக்கு ஒரு வாழைப்பழம். வேண்டாம் என்றால் விடமாட்டார்.

"எனக்குப் பசிக்கல நெல்லகே."

"உனக்குப் பசிக்குதான்னு யாரு கேட்டா? உன் வயிறு பேசும். அது பேசுறது தட்டுல வரும். தின்னு."

அவர் போட்ட சட்டம் ஒன்று இந்த வட்டாரம் முழுக்க நடக்கிறது. பதிவு ஓடும்போது யாரால் சத்தம் வந்ததோ, அவர் கடைசி சுரம் அடங்கும்வரை காத்திருந்து, கேட்காமலே கையைத் தூக்க வேண்டும். ஒருகாலத்தில் ஒரு 'டிக்' சத்தத்துக்குப் பாதி நாளைத் தொலைத்தார்கள். கூரையில் ஏறிப் பார்த்தார்கள், ஆரியின் மூட்டுவலிக் காலைச் சந்தேகித்தார்கள், கடைசியில் அது ஒரு பெரிய வித்வானின் பெல்ட் கொக்கி. அவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும். வெட்கப்பட்டு வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் நெல்லகே காபிக் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு சட்டத்தை அறிவித்தார்: "கை தூக்குறவனுக்குத் திட்டு கிடையாது. தூக்காதவனுக்குக் காபி கிடையாது." பெரிய ஆள், சின்ன ஆள் எல்லாருக்கும் ஒரே சட்டம். ஒரு விதிவிலக்கு மட்டும் வைத்தார். கட்டடம் தானாகச் சத்தம் போட்டால் மன்னிப்பு. நானூறு வருடக் கிழவி, முனகட்டும். மனிதன் போட்டால் மறுபடி முதலிலிருந்து.

இந்த முப்பத்தொரு வருடத்தில் எல்லாக் கைகளும் மேலே போயிருக்கின்றன. நெல்லகேயின் கை போனதில்லை. ஒலிப்பதிவு செய்யும் யூரியானுக்கு அதில் ஒரு நமைச்சல். "அந்தத் தோளை ஒரு டாக்டர்கிட்ட காட்டு. முப்பது வருஷமா அசையவே இல்ல, துருப்பிடிச்சிருக்கும்" என்பான்.

"உனக்கு ரெண்டு தோளும் நல்லா ஓடுதே, போதும்" என்பார் நெல்லகே. யூரியான் தும்மல்காரன். அதனால்தான் அவனைப் பாதிரியார் அறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் மாதம் ஊஸ்டர்வேன் தேவாலயத்தில் நடந்த பதிவின் மூன்றாம் நாள் அது. யோப் வாசிப்பது காம்பா என்ற வாத்தியம். ஏழு தந்தி, எல்லாம் ஆட்டுக் குடல். கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வில்லால் வாசிப்பது. ஃபெம்கே ஹார்ப்சிகார்ட். உள்ளே பதிமூன்று டிகிரி. இருவரும் விரல்நுனி வெட்டிய கையுறை போட்டிருந்தார்கள். யோப் மடியில் வெந்நீர்ப் பை வேறு. சுதி பழைய பிரான்சின் சுதி, இன்றைக்கு உலகம் வாசிப்பதைவிட ஒரு கட்டை கீழே. குதிக்கிற பாட்டு, ஆடுகிற பாட்டு எல்லாம் முடிந்துவிட்டன. பாக்கி ஒன்றுதான். தன் குரு செத்துப்போனதற்காக ஒரு சீடன் எழுதிய ஒப்பாரி, ஏழு நிமிடம்.

யோப் முன்னாலேயே சொல்லியிருந்தான்: "மத்ததை எல்லாம் வெட்டு, ஒட்டு, என்ன வேணா பண்ணு யூரியான். இது ஒண்ணு மட்டும் ஒரே மூச்சு. அழறதை யாராச்சும் துண்டு துண்டா வெட்டி ஒட்டுவாங்களா?"

"தாராளமா. ஒரே மூச்சு வர்ற வரைக்கும் நான் கெடக்கறேன்" என்றான் யூரியான்.

மூச்சு வரவில்லை. முதல் முறை வாத்துக் கூட்டம். இரண்டாம் முறை தபால்காரனின் மொபெட். மூன்றாம் முறை ஃபெம்கேயின் நாற்காலி. கை தூக்கினாள், காபி கிடைத்தது. நான்காம் முறை யோப்பே மூக்கை உறிஞ்சினான். மணி நாலரை தாண்டிவிட்டது. மணி அடிக்கும் சுத்தியலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஆரி, ஐந்து மணிக்கு அவிழ்த்தாக வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்.

"கல்யாண ஒத்திகை. பொண்ணு வீட்டுல பதினெட்டு பேர் வர்றாங்க. அதுல ஆறு குட்டிப் பிசாசுங்க."

"அஞ்சு மணி வரைக்கும் வாசல்லயே நில்லுங்க பெரியவரே. எவனாவது வந்தா மீனைக் காட்டுங்க" என்று நெல்லகே அவரைத் திருப்பி அனுப்பினார்.

அதைவிடப் பெரிய தலைவலி யோப்பின் கையில் இருந்தது. காம்பாவின் மேல் தந்தியில் பிசிறு கிளம்பியிருந்தது. குடல் தந்தி அறுவதற்கு முன் இப்படித்தான் மீசை முளைக்கும். புதிதை மாட்டலாம். ஆனால் புதுத் தந்தி ஒரு நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும், சுதியில் நிற்காது. நாளைக்குத் தேவாலயம் கிடையாது, நாளை மறுநாள் யோப் ஊரில் கிடையாது. இன்று தந்தி அறுந்தால் இந்த ஒப்பாரி இல்லாமலே தட்டு வெளிவரும். எட்டு வருடமாக இந்தப் பாட்டைப் பதிவு செய்யாமல் தள்ளிப்போட்டு வந்தவன் அவன். காரணம் கேட்டால், "இன்னும் வரல" என்பான். இந்த வருடம் ஜனவரியில் அவனுடைய ஆசிரியரைப் புதைத்தார்கள். அதன்பிறகு அவனே போன் செய்து, "வந்துருச்சு" என்றான்.

நெல்லகே பிசிறை நகவெட்டியால் நறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவினார். "ஒரு தடவை தாங்கும். ரெண்டாவதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

"ஒரு தடவை போதும்" என்றான் யோப்.

நெல்லகே மூன்றாம் வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். இந்தத் தேவாலயத்தில் அவருக்கு அதுதான் இடம். முன் பெஞ்சின் முதுகில் பாட்டுப் புத்தகத் தட்டைப் பிடித்திருக்கும் ஓர் ஆணிக்குத் தலை போய்விட்டது. சுதிச்சாவியின் வாய் அந்த மொட்டை ஆணியில் கச்சிதமாக உட்காரும். சாவி மடியிலிருந்து நழுவி விழுந்துவிடும் என்ற பயம் இல்லை. மாட்டிவிட்டு, கையை அதன் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டார்.

பாதிரியார் அறையிலிருந்து ஒலிபெருக்கியில் யூரியானின் குரல் வந்தது: "நாலு முப்பத்தெட்டு. ஓடுது."

யோப் வில்லைத் தந்தியில் வைத்தான். இந்தமுறை வாத்துகள் வரவில்லை. மொபெட் வரவில்லை. வெளியே ஆரி நின்ற இடத்தில் அப்படியே நின்றார். தாழ்ந்த தந்தியில் தொடங்கிய பாட்டு யாரோ மாடிப்படி ஏறுவதுபோல் ஏறி, பாதியில் நின்று, கீழே பார்த்து, மறுபடி ஏறியது. ஃபெம்கே அவன் பின்னாலேயே விளக்குப் பிடித்துக்கொண்டு போகிறவள் மாதிரி வாசித்தாள். நெல்லகே ஆயிரம் பதிவு கேட்டவர். அவருக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் அது. மீசை முளைத்த தந்தி தாங்கிக்கொண்டிருந்தது.

கடைசிக்கு முன் ஓர் இடம். எல்லாம் நிற்கும். காம்பா வில்லைத் தூக்கிவிடும். ஹார்ப்சிகார்டின் ஒரு கொத்துச் சுரம் மட்டும் காற்றில் கரைந்துகொண்டிருக்கும். பிறகு முழு மௌனம். பிறகுதான் கடைசி வரி.

அந்தக் கொத்தில் ஒரு சுரம் இறங்கியிருந்தது. மயிரிழை. ஃபெம்கேக்குத் தெரியவில்லை, யோப்புக்குத் தெரியவில்லை, ஒலிவாங்கிக்கே தெரிந்திருக்காது. நெல்லகேயின் காதுக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரிந்ததும், முப்பத்தொரு வருடமாகச் செய்வதைக் கை செய்தது. சாவியைத் திருகியது.

மொட்டை ஆணி நானூறு வருட ஓக் மரத்துக்குள் ஓர் இம்மி திரும்பியது. கிர்.

கடைசி வரி வந்தது. முடிந்தது. கடைசி சுரம் கூரைவரை போய்ச் சுற்றிவிட்டு மெல்ல அடங்கியது. யோப் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தான். வெந்நீர்ப் பை மடியிலிருந்து சரிந்திருந்தது.

"வந்துருச்சு" என்றது ஒலிபெருக்கி. "யோப், டேய், வந்துருச்சுடா."

ஃபெம்கே கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யோப் அப்போதுதான் கண்ணைத் திறந்து, தந்தியை விரலால் தடவிப் பார்த்தான். இரண்டு இழை தொங்கியது.

"ஒண்ணே ஒண்ணு" என்றது ஒலிபெருக்கி. "கடைசி வரிக்கு முன்னாடி, அந்த மௌனத்துல, ஒரு சத்தம். மரம் மாதிரி. துடைச்சா அந்த இடமே செத்துப்போகும், நான் தொடமாட்டேன். கிழவி முனகுனாளா, இல்ல நம்ம ஆளுங்களா?"

யோப் ஃபெம்கேயைப் பார்த்தான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள், அவள் நாற்காலி அசையவில்லை. அவன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு, "நான் இல்ல" என்றான்.

"அப்ப கட்டடம்தான். நல்ல சத்தம்கூட, துக்கத்துக்கு வந்த மாதிரி. விட்டுடறேன். மணி நாலு நாப்பத்தஞ்சு. எல்லாரும் வீட்டுக்குப் போலாம். நெல்லகே, ஃப்ரிட்ஜைத் திறக்கறேன், கார் சாவியை எடுத்துக்க."

நெல்லகே ஆணியைப் பார்த்தார். சாவி அதன்மேல் கொஞ்சம் கோணலாக நின்றது. யோப் வெந்நீர்ப் பையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஜனவரியிலிருந்து காணாமல்போன ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. தந்தியில் இரண்டு இழை. ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிடம். பாட்டு ஏழு நிமிடம். வாசலில் ஆரியின் செருப்புச் சத்தம்.

ஃபெம்கே தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள். "யோப்" என்றாள் மெதுவாக.

மூன்றாம் வரிசையில் நெல்லகே எழுந்து நின்றிருந்தார். வலது கை நேராக மேலே போயிருந்தது, விரல்களுக்கிடையில் சுதிச்சாவியோடு. தூக்கிய கையை இறக்காமலே, கம்பளிச் செருப்பில் சத்தமில்லாமல், இறங்கிய சுரத்தைச் சேர்க்க ஹார்ப்சிகார்டை நோக்கி நடந்தார்.